ராகுகாலத்தில் கணக்கு

கேட் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படித்துக்கொள்வது என்று முடிவு கட்டியவர்கள் முதலில் புத்தகத்தைத் திறப்பதில்லை. எக்செல்லைத் திறக்கிறார்கள். நான் கோவை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருப்பவள். அடுத்தவர் செய்த வேலையில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். என் எக்செல்லில் ஓட்டை இருக்கலாமா? முடித்த பாடம் பச்சை, பாதியில் நிற்பது மஞ்சள், தொடாதது வெள்ளை. தேதி தாண்டிவிட்டால் கட்டம் தானாகவே சிவக்க வேண்டும். அதற்கு ஒரு ஃபார்முலா. அந்தச் சிவப்பு ரொம்பவும் மிரட்டுகிறதே என்று இளஞ்சிவப்பாக்கி, அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கவே மறுபடி அடர்த்தியாக்கி, ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று. அந்தச் சனிக்கிழமைக்கு எதிரே 'விகிதம், விகிதசமம்' என்று எழுதியிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் அது சிவந்தது. ஃபார்முலா பிரமாதமாக வேலை செய்தது.

அலுவலகத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வேலையைப் பங்கு போடுவோம். அந்த இரண்டு வாரத்தில் முடியாத வேலை அடுத்த இரண்டு வாரத்துக்குப் போகும். அதற்குப் பெயர் 'ஸ்பில் ஓவர்'. அது தப்பில்லை, மேனேஜரே அப்படித்தான் சொல்வார். அந்தப் பழக்கத்தில் என் படிப்பையும் ஸ்பில் ஓவர் செய்துகொண்டே வந்ததில், ஜூனில் தொடங்க வேண்டிய வடிவியல் அக்டோபரில் போய் நின்றது. வடிவியல் அங்கேயும் தனியாக இல்லை. இயற்கணிதம், எண்ணியல், வரிசைமாற்றம் எல்லாம் ஏற்கெனவே அங்கே குடியேறியிருந்தன. அக்டோபரில் படிக்க வேண்டியதை எல்லாம் படிப்பதற்கு அந்த மாதத்துக்கு இன்னொரு நூறு நாளாவது தேவைப்பட்டது.

கேட் என்பது ஐஐஎம்களில் எம்பிஏ சேருவதற்கான நுழைவுத் தேர்வு. வழக்கமாக நவம்பர் கடைசி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். நடத்துகிற பொறுப்பை ஐஐஎம்கள் முறைவைத்து ஏற்றுக்கொள்ளும்; நான் எழுதிய 2024இல் கல்கத்தா முறை. ஆங்கிலம் ஒரு பகுதி, தரவும் தர்க்கமும் ஒரு பகுதி, கணக்கு ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். ஆங்கிலம் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று கணக்குக்குத் தாவ முடியாது. 40 நிமிஷம் ஆனதும் கம்ப்யூட்டரே அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடும், திரும்பி வரவும் முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தப்புக்கு 1 கழியும். விடையைத் தேர்ந்தெடுக்காமல் நாமே தட்டச்சு செய்கிற கேள்விகளுக்கு மட்டும் கழிவு கிடையாது.

இதற்குக் கோச்சிங் உண்டு. காந்திபுரம் பக்கம் விசாரித்தேன். ஐம்பதாயிரம் சொன்னார்கள், சொன்ன கையோடு இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கணக்கு வாத்தியார் வீட்டில் பிறந்துவிட்டு, விகிதம் படிக்க ஐம்பதாயிரம் கொடுத்தேன் என்று வெளியே தெரிந்தால் அப்பாவின் முப்பத்தாறு வருஷ சர்வீசுக்கு என்ன மரியாதை? ஆகவே சுயமாகப் படிப்பது என்று ஆயிற்று. வீட்டுக்கு இதனால் வேறொரு லாபமும் இருந்தது. "கண்ணு படிச்சுட்டு இருக்குதுங்க" என்று அம்மா சொல்லிவிட்டால் புரோக்கர் ஜாதகத்தை நவம்பர் வரை பையை விட்டு எடுக்க மாட்டார். லாபம் எனக்கு. அம்மாவுக்கு அது இன்னும் தெரியாது.

சுயமாகப் படிப்பவருக்கு வாத்தியார் கிடையாது என்று யார் சொன்னது? யூடியூபில் ஆயிரம் பேர். அதில் பாடம் நடத்துகிறவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. எப்படிப் படிப்பது என்று சொல்கிறவர்களைத்தான் பார்த்தேன். 99.9 வாங்கிய ஒரு பையன், வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "நான் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் படித்ததே இல்லை" என்பான். அவன் பேச்சே ஒன்றேகால் மணி நேரம் ஓடும். எண்கணிதத்தில் தொடங்கு என்பார் ஒருவர். அது தானாக வரும், இயற்கணிதத்தில் தொடங்கு என்பார் இன்னொருவர். மூன்றாமவர் முதலில் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார், அப்புறம் தொடங்கு என்பார். மாதிரித் தேர்வு எழுதுவது பெரிதில்லை, அதை அலசுவதுதான் பெரிது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். இரண்டு மணி நேரம் எழுதினால் நாலு மணி நேரம் அலச வேண்டுமாம். எக்செல்லில் அலசலுக்கென்று தனி ஷீட் போட்டேன். அந்த ஷீட்டை எப்போது பார்ப்பது என்பதற்கும் ஒரு கட்டம் வைத்தேன்.

புத்தக விஷயத்துக்கு வருகிறேன். கேட் எழுதப் போகிறேன் என்று வாய் திறந்தாலே, எதிரே இருப்பவர் நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈசி' வாங்கிவிட்டாயா என்று கேட்பார். 1949இல் வந்த புத்தகம். கேட்டில் நேரடியாகச் சொல்லுக்குப் பொருள் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. 24 ஆங்கிலக் கேள்விகளில் 16 நீளமான பத்திகளைப் படித்து விடையளிப்பவை. மீதி எட்டும் குலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, பத்தியைச் சுருக்குவது என்கிற ரகம். ஆனாலும் புத்தகம் வாங்காமல் இருக்க முடியுமா? உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் ஒன்று எடுத்தேன். எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருந்தார். மனிதர்களின் குணவகைகளைச் சொல்லும் மூன்றாவது அத்தியாயம் வரை ஒவ்வொரு வரியிலும் கோடு. தன்னலக்காரன், கூச்ச சுபாவி, மனித வெறுப்பாளன் எல்லோருக்கும் ஓரத்தில் தமிழில் பொருள் எழுதி, பக்கத்தில் தெரிந்தவர் பெயரும் போட்டிருந்தார். மனித வெறுப்பாளனுக்கு எதிரே 'ஹெச்.ஓ.டி.' என்று இருந்தது. நாலாவது அத்தியாயத்திலிருந்து புத்தகம் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருந்தது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்வது என்று எக்செல்லில் குறித்துக்கொண்டேன்.

பத்தி வாசிப்புக்காக இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் படிக்க வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் புத்திமதி. வீட்டுக்கு வருவது தினமலர். அதோடு இந்துவும் போடச் சொன்னேன். காலையில் படிக்க நேரமில்லை என்று ராத்திரிக்கு வைத்தேன். ராத்திரி தூக்கம் வருகிறதென்று ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தேன். அந்த ஏற்பாட்டில் உருப்படியாகப் பலன் அடைந்தவர் பழைய பேப்பர்காரர் மட்டும்தான். "பிரிக்காத பேப்பரா இருக்குதுங்க, எடை நல்லா நிக்கும்" என்று மனசாரப் பாராட்டினார்.

போகிற வழியில் படிக்கலாம் என்றும் ஒரு திட்டம் இருந்தது. வடவள்ளியிலிருந்து காந்திபுரம், அங்கிருந்து சரவணம்பட்டி. போக வர இரண்டரை மணி நேரம். எக்செல்லில் பார்க்க ரொம்ப அழகான இரண்டரை மணி நேரம். ஆனால் கோவை தனியார் டவுன் பஸ்ஸில் பாட்டுப் போடாத டிரைவர் இன்னும் பிறக்கவில்லை. இமானுவேல் கான்ட் அறம் பற்றி என்ன சொன்னார் என்பதை மூன்றாவது பத்தியில் கட்டுரையாளர் மறுக்கப் போகிற நேரம் பார்த்து இளையராஜா வருவார். இளையராஜாவா கான்ட்டா என்றால் யார்தான் என்ன செய்ய முடியும்? மறுப்பு என்னவென்று தெரியாமலே பஸ் கணபதியைத் தாண்டிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் அப்பா திட்டத்துக்குள் வந்தார். ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிற கணக்கு வாத்தியார் பக்கத்தில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

"எத்தன கேள்வி அம்மிணி?"

"கணக்குல இருபத்திரண்டுங்கப்பா. நாப்பது நிமிஷம்."

"ஒரு கணக்குக்கு ரெண்டு நிமிஷங்கூட இல்லியே. ஸ்டெப்ஸ் எப்ப எழுதறது?"

"ஸ்டெப்ஸ் யாரும் பாக்க மாட்டாங்கப்பா. விடை மட்டுந்தான்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஸ்டெப்ஸுக்கு மார்க் உண்டு என்று முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். திரையில் கால்குலேட்டர் வேறு தருவார்கள் என்று நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். "கணக்குப் பரீட்சைலயே கால்குலேட்டரா?" என்றவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

முதல் நாள் அவர் எடுத்துக்கொண்டது ஒரு பால் கணக்கு. பாத்திரத்தில் 40 லிட்டர் பால். 4 லிட்டரை எடுத்துவிட்டு 4 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இதையே இன்னும் இரண்டு தடவை செய்கிறார்கள். கடைசியில் பால் எவ்வளவு மிச்சம்? ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒன்பது பங்கு பால்தான் நிற்கும். ஆகவே 40ஐ 0.9ஆல் மூன்று தடவை பெருக்கினால் 29.16 லிட்டர், அரை நிமிஷ வேலை. அப்பா ஒரு வெள்ளைத்தாளில் இடது ஓரம் மடித்து, 'கொடுக்கப்பட்டவை' என்று அடிக்கோடிட்டு, ஸ்கேல் வைத்துப் பாத்திரம் வரைந்தார். பாத்திரத்துக்குக் கைப்பிடி போட்டார். 'கண்டறிய வேண்டியது' எழுதினார். ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாக வழி எழுதி, ஓரத்தில் பெருக்கல் போட்டு, 29.16ஐக் கட்டம் கட்டி, 'லிட்டர்' என்று அலகும் எழுதி முடிக்கையில் பதினெட்டு நிமிஷம். விடை சரி. அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் கேட் ஹாலில் மற்றவர்கள் அடுத்த பத்துக் கணக்கைப் பார்த்திருப்பார்கள்.

அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "அந்த நாப்பது லிட்டரே சுத்தப் பாலுன்னு ஆரு சொன்னது?"

தர்க்கப் பகுதிக்கு அம்மாவிடம் கற்றுக்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

இந்தப் பரீட்சையில் எதைப் படிப்பது என்பது பெரிய சிக்கலே இல்லை. கணக்கில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் பத்தாவது வரை நாம் படித்ததுதான். எதை விடுவது என்பதுதான் சிக்கல். மொத்தம் 204 மதிப்பெண்ணில் பாதி எடுத்தவர் 99 பெர்சென்டைலைத் தாண்டி நிற்கிறார். அதாவது இந்தியா முழுக்க இதற்காகவே படித்து வந்து உட்காருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பாதியைக் கூட எட்டுவதில்லை. பத்து கணக்கைத் தொட்டு எட்டைச் சரியாகச் செய்தவள் இருபத்திரண்டையும் தொட்டவளைவிட மேலே போவாள். நாம் வளர்ந்த வளர்ப்புக்கு இது ஒத்துவருமா? இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் அடுத்த ஜென்மத்தில் சோறு கிடைக்காது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இங்கே இருபத்திரண்டு பதார்த்தம் பரிமாறிவிட்டு, பத்தைத் தின்று பன்னிரண்டை மூடி வைத்துவிட்டு எழுகிறவருக்குத்தான் தாம்பூலம் என்கிறார்கள். கை வருமா?

அப்பாவுக்கு வரவில்லை. "எதையும் விடப்படாது அம்மிணி. தெரியாட்டியும் தெரிஞ்ச வரைக்கும் எழுதி வெய்யி" என்றார். கேட்டில் தெரிந்த வரைக்கும் எழுதி வைத்தால் கழித்துவிடுவார்கள் என்றேன். எழுதினவனுக்கு அபராதம் போட்டு எழுதாதவனைச் சும்மா விடுகிற பரீட்சையை அவர் சர்வீசில் கண்டதில்லையாம்.

அம்மாவுக்கு இந்தத் தத்துவம் பிடிபட ஒரு நிமிஷம் ஆகவில்லை. பூ மார்க்கெட்டில் சாமந்தி விலை கேட்டு, அதிகம் என்றால் அடுத்த வார்த்தை பேசாமல் நகர்கிறவர் அவர். பேரம் பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது; நேரம் வீண் என்பார். என் எக்செல்லை ஒரு தடவை எட்டிப் பார்த்தவர், அக்டோபரில் அடுக்கி நின்ற சிவப்பைக் காட்டி, "இதுல எதெல்லாம் உனக்கு வரவே வராது?" என்று கேட்டார். வரிசைமாற்றம் என்றேன். "அப்பறம் அத எதுக்கு மாசாமாசம் தூக்கீட்டுத் திரியற? தொடச்சு உடு." துடைத்துவிட்டேன். அந்தப் பெரிய கட்டம் காலியானதைப் பார்க்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அன்று ராத்திரியே நிகழ்தகவையும் துடைத்தேன். பழக்கம் ஆகிவிட்டது.

திட்டத்தில் அம்மாவின் அதிகாரம் அதோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் 1ஆம் தேதி பதிவு தொடங்கியது. முதல் நாளே முடித்துவிடுவது என்று எக்செல் சொன்னது. "ஏங்கண்ணு, ஆடில போயி ஆராச்சும் ரெண்டாயிரத்து ஐநூறு ரூவா கட்டுவாங்களா? ஆவணி பொறக்கட்டும்" என்றது காலண்டர். ஆவணி பிறந்தது. பிறந்த வாரம் சர்வர் திணறியது. செப்டம்பர் 13 கடைசித் தேதி. அப்புறம் 20 வரை நீட்டித்தார்கள். அம்மா அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். படிக்க விரும்பும் இடங்கள் பட்டியலில் 21 ஐஐஎம் இருந்தன. அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது, திருச்சி. 2011இல் வந்த ஐஐஎம். "அங்கயே சேந்துக்க. உன்னையப் பாக்க வந்தாப்லயும் ஆச்சு, சமயபுரத்தாளைக் கும்பிட்டாப்லயும் ஆச்சு." அகமதாபாத்தில் என்ன கோயில் இருக்கிறது என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அகமதாபாத் அப்போதே அடிபட்டுப் போயிற்று.

எங்கள் வீட்டில் கேட் எழுதிய முதல் ஆள் நானில்லை. என் கடைசி மாமா 2003 நவம்பரில் எழுதியவர். அப்போதெல்லாம் பேப்பரும் பென்சிலும்தான். கம்ப்யூட்டருக்கு மாறியது 2009இல். 2003 வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகி, சி.பி.ஐ. கண்டுபிடித்து, பரீட்சையையே ரத்து செய்து, 2004 பிப்ரவரியில் எல்லோரையும் மறுபடி எழுத வைத்தார்கள். ரத்தான பரீட்சையில் மாமா எப்படி எழுதினார் என்பதற்கு இன்றைக்கும் ஒரே சாட்சி மாமாதான். "அந்தக் கேட்டு மட்டும் நின்னிருந்துச்சுன்னா நானு இப்ப பெங்களூர்ல இருந்திருப்பேன்" என்று கணபதியில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். பிப்ரவரியில் என்ன ஆனது என்று கேட்டால் வாடிக்கையாளர் யாராவது வந்துவிடுவார்கள். இந்தியாவிலேயே சி.பி.ஐ.யால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட ஒரே பம்ப் வியாபாரி தான்தான் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அவர் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று: "ஃபர்ஸ்ட்டு தடவையே நல்லா எழுதீராத. கேன்சல் ஆச்சுன்னா மனசு தாங்காது."

தீபாவளி முடிந்த கையோடு ஹால் டிக்கெட் வந்தது. அதில்தான் நாம் எந்த நேரத்துக்கு எழுத வேண்டும் என்பது இருக்கும். காலை 8.30, பகல் 12.30, மாலை 4.30 என்று மூன்று வேளை உண்டு. மூன்றுக்கும் வேறு வேறு வினாத்தாள், அப்புறம் சமப்படுத்துவார்கள். எந்த வேளை வந்தாலும் வித்தியாசமில்லை என்று யூடியூபில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் யாரும் தினசரிக் காலண்டர் பார்ப்பதில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை. ராகுகாலம் 4.30 முதல் 6 வரை. பகல் வேளை எழுதுகிறவர் எமகண்டத்தில் உட்காருகிறார். மாலை வேளைக்காரருக்கோ, ராகுகாலம் தொடங்குகிற அதே நிமிஷத்தில் பரீட்சை தொடங்குகிறது. இவ்வளவு துல்லியமாக நேரம் குறித்தவர் பஞ்சாங்கம் பார்த்துத்தான் குறித்திருக்க வேண்டும், என்ன, கொஞ்சம் தலைகீழாகப் பார்த்துவிட்டார். எனக்கு வந்தது மாலை 4.30.

அம்மா ஹால் டிக்கெட்டையும் காலண்டர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பகுதி பகுதியாக நேரம் கேட்டார். ஆங்கிலம் 4.30 முதல் 5.10. தர்க்கம் 5.50 வரை. கணக்கு 5.50 முதல் 6.30. அப்பா கூட இவ்வளவு ஆழமாகப் பரீட்சையின் அமைப்பைக் கேட்டதில்லை. முடிவில் தீர்ப்புச் சொன்னார்: "முன்னாடி ரெண்டையும் ஒண்ணும் பண்ண முடியாது, கும்பிட்டுட்டு எழுது. கணக்க மட்டும் ஆறு மணிக்கு மேல தொடு."

"நாப்பது நிமிஷத்துல பத்து நிமிஷம் சும்மா உக்காரச் சொல்றீங்களா?"

"சும்மா எதுக்கு உக்கார்ற? பாத்துட்டு இரு."

ஈச்சனாரிப் பிள்ளையார் பாதத்தில் வைத்து எடுத்த பேனா ஒன்றும் கொடுத்தனுப்பினார். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மையம். வாசலில் பேனாவை வாங்கி வைத்துவிட்டார்கள், உள்ளே அவர்களே பேனாவும் வெள்ளைத்தாளும் தருகிறார்கள். பிள்ளையார் வாசலோடு நின்றுவிட்டார். அதன்பின் நடந்தவற்றுக்கு அதுவும் ஒரு காரணம் என்பது அம்மா தரப்பு.

ஆங்கிலம் வந்த மாதிரி போனது. தர்க்கப் பகுதி திறந்ததும் கேள்வி எண்ணிக்கையைப் பார்த்தேன். 22. முந்தின மூன்று வருஷமும் 20தான், நாலு தொகுப்புகளாக வரும். என் எக்செல் முழுக்க நாலு தொகுப்புக்குப் போட்ட கணக்கு. எதற்கு எத்தனை நிமிஷம், எதில் நுழைவது, எதை விடுவது எல்லாம் நாலுக்கு. இங்கே ஐந்து தொகுப்பு நிற்கிறது. ஆறு வருஷம் டெஸ்டிங் செய்த எனக்கு, எதிர்பாராத இன்புட் வந்தால் புரோகிராம் எப்படித் திகைத்து நிற்கும் என்பதை அன்றைக்குத்தான் உள்ளே இருந்து பார்க்க முடிந்தது. ஹால் முழுக்க ஒரே நேரத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் நாலுக்குத்தான் திட்டம் போட்டிருப்பார்கள் போல. பிறகு சொன்னபோது அம்மா அதிரவேயில்லை. "ராகுகாலம்னா பின்ன எப்படி இருக்கும்?"

5.50க்குக் கணக்கு திறந்தது. யூடியூப் ஆசாமிகள் சொன்னதும் இங்கே ஒன்று உண்டு. முதல் நாலைந்து நிமிஷம் எதையும் போடாதே, இருபத்திரண்டையும் ஒரு தடவை பார்த்து, எது உன்னுடையது, எது உன்னுடையதில்லை என்று பிரித்துக்கொள். மாதிரித் தேர்வுகளில் இதை நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. முதல் கேள்வியைப் பார்த்ததும் கை போய்விடும். அன்று போகவில்லை. நாலைந்து நிமிஷம் அவர்களுக்காகப் பார்த்தேன், மீதியை அம்மாவுக்காகப் பார்த்தேன். லாகரிதம் ஒன்று இளித்தது. விட்டேன். எண்ணியலில் ஒன்று ரொம்பத் தெரிந்த முகமாக வந்து நின்றது. அதையும் விட்டேன், தெரிந்த முகங்கள்தான் பத்து நிமிஷம் பேசும். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக் கணக்குப் போட்டேன். மீதி பதினாலும் மூடிய இலைக்குள் இருந்தன. வீட்டில் அதைச் சொல்லவில்லை.

அந்த வருஷம் 3.29 லட்சம் பேர் பதிவு செய்து, 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். பணம் கட்டிவிட்டுப் பரீட்சைக்கே வராமல் போன அந்த முப்பத்தாறாயிரம் பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அத்தனை எக்செல். எப்படிப்பட்ட வண்ணங்களோ.

டிசம்பர் 19ஆம் தேதி முடிவு வந்தது. 93 பெர்சென்டைல். அம்மா போனை எடுத்து, "கண்ணு தொண்ணூத்து மூணு மார்க் வாங்கிருக்குது" என்று அத்தை, பெரியம்மா, புரோக்கர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்தவர் மாமா ஒருவர்தான், அவரும் வாயைத் திறக்கவில்லை. 2004 பிப்ரவரி பற்றி நான் கேட்காத வரைக்கும் அவரும் திறக்க மாட்டார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மதிப்பெண் அட்டையைப் பார்த்தார். 204க்கு அறுபத்துச் சொச்சம். 35 சதவீதத்துக்கு 71.4 வேண்டும் என்று மனக்கணக்காகவே போட்டுவிட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் நான் ஃபெயில். இரண்டு ஐஐஎம்களிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததும் அட்டையை மறுபடி வாங்கி, எங்கே தப்பு நடந்திருக்கும் என்று இன்னொரு தடவை பார்த்தார்.

பரீட்சை முடிந்தும் புத்தகங்கள் அப்பா மேஜையை விட்டு இறங்கவில்லை. பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு அலாரம் வைத்துப் போடுகிறார். பாத்திரத்துக்குக் கைப்பிடி போடுவதில்லை, பாத்திரமே போடுவதில்லை. ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது கேட்டார்.

"ஏம்மிணி, இதுக்கு வயசு வரம்பு எவ்வளவு?"

வயது வரம்பு கிடையாது, டிகிரியில் 50 சதவீதம் இருந்தால் போதும் என்றேன். பி.எஸ்சி.யில் 62 என்றார். விண்ணப்பத்தில் வேலை அனுபவத்தை மாதக்கணக்கில் கேட்பார்கள் என்பதையும் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார். "நானூத்தி முப்பத்திரண்டு" என்றார், சாம்பாரைப் பிசைந்துகொண்டே.

"ஆடி முடிஞ்சு கட்டுங்க" என்றார் அம்மா.

அப்பா போட்ட திட்டத்தை எடுத்துக் காட்டினார். எக்செல் இல்லை, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம். கணக்கு: படிக்க வேண்டியதில்லை. தர்க்கம்: ஒரு மாதம். ஆங்கிலம்: விட்டுவிடலாம்.

அப்படி ஒரு பகுதியை முழுசாக விட முடியாது, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கட்-ஆஃப் இருக்கிறது என்றேன். அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எவ்வளவுன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு மார்க் எடுத்தாப் போதுமில்ல?"